படகோட்டி என்று யாரும் வரவில்லை

முழங்கால் தண்ணீரில் நின்றபடி கையை நீட்டிக்கொண்டே இருக்கிறான், பின்னால் படகு ஆடுகிறது, மறுகையில் விளக்கு, மழை அவன் முக்காட்டில் விழுந்து மூக்கு நுனியில் சொட்டுகிறது, துறையின் கடைசிப் படியில் நான், ஒரு பொத்தானை அமுக்கினால் என் கை அவன் கையைப் பிடிக்கும், படகு கிளம்பும், கதை நகரும், அமுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, மழை பெய்துகொண்டே இருக்கும், அவன் நின்றுகொண்டே இருப்பான், நீட்டிய கையை இறக்கவே மாட்டான், அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, போய் எறக்குளா என்கிறான் ரெக்ஸன், என் புருஷன், நான் ஓடிப்போய்க் கஞ்சி வடித்து, ரசம் தாளித்து, அப்பளம் பொரித்துக்கொண்டு வருகிறேன், படகோட்டி இன்னும் அப்படியே நிற்கிறான், பாவம்ளா அந்தப் பய, கை கடுத்துப் போயிருக்கும், சட்டுபுட்டுன்னு பிடிச்சுத் தொலை என்று ரெக்ஸன் சிரிக்கிறான், நிக்கட்டும், எனக்காக ஒருத்தன் நிக்கான், கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன் என்றேன், சாப்பிட்டு முடிக்கும்வரை அவனை அந்த மழையிலேயே நிறுத்திவைத்தோம், லேப்டாப் வெளிச்சம் ரசத்தில் மிதந்தது, மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வீடியோ கேம்தான், வேறென்ன. அலைக்காவல் என்று, நெட்டில் இதை ஆடுகிற எங்கள் தமிழ்க் குழுவில் நாங்களே பெயர் வைத்துக்கொண்ட தொடர், அதன் இங்கிலீஷ் பெயர் ஒரு முழ நீளம், வாயில் நுழையாது, இரண்டாம் பாகத்தில் நான் கப்பல் தலைவி, கடல் விழுங்கப்போகிற ஓர் ஊரைக் காப்பாற்ற வேண்டும், போகிற வழியில் இரண்டு பேர் மனசைக் கொடுக்கிறார்கள், தாரெக் என்று ஓர் இளவரசன், ஹாலன் என்று இந்தப் படகோட்டி, யாரைக் கட்டிக்கொள்வது என்பது ஆடுகிறவர் பாடு, இளவரசனக் கட்டுளா, கோட்டை கிடைக்கும், குதிரை கிடைக்கும் என்று ரெக்ஸன் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கிறான், நான் படகோட்டியைக் கட்டுகிறேன், ஒனக்கு எப்பவுமே காசில்லாத பயலுவதான் கண்ணுக்குத் தெரியுவானுவ என்று என் தலையில் தட்டுகிறான், தட்டிய கையில் கிரீஸ் வாடை, அவன் ஏ.சி. மெக்கானிக், நாசரேத்துக்காரன், ஊரெல்லாம் குளிரவைத்துவிட்டுப் பல்லாவரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வந்து வேர்த்துக் கிடப்பான், அந்த ஒற்றை அறையில் ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது, டாக்டர் வீட்டுல ஆரு மருந்து குடிக்கா என்று அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான். குழுவில் சண்டை போட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம், நான் எதை எழுதினாலும் மறுத்து எழுதுவான், யார் இந்தத் திமிர் பிடித்தவன் என்று தேடிப்போனதில்தான் சென்னையில் ஒருநாள் நேரில் பார்த்தேன், திமிரே இல்லை, பல் வெளியே தெரியச் சிரிக்கிற ஆள், பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றினோம், கிறிஸ்தவப் பையன் என்று எங்கள் வீட்டில் யாரும் வரவில்லை, சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்றதும் திண்டுக்கல்லில் இருந்து பஸ் ஏறி வந்தார் உமாபதி அண்ணன், இன்சூரன்ஸ் ஏஜென்ட், எங்கள் குழுவுக்கெல்லாம் மூத்தவர், போட்டுவிட்டு, இப்ப சேவ் பண்ணியாச்சு தங்கச்சி, இனி எவன் வந்தும் அழிக்க முடியாது என்றார், எல்லாரும் சிரித்தோம்.

அழித்தார்கள். முதலில் காய்ச்சல் வந்தது, டெங்கு என்றார்கள், ரத்தம் வேண்டும் என்றார்கள், பிறகு ஒன்றும் வேண்டாம் என்றார்கள், அவ்வளவு சீக்கிரம் ஓர் ஆள் முடிந்துபோக முடியுமா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, ஒரு வாரத்துக்கு முன் ஏணி மேல் நின்று பாடிக்கொண்டிருந்தவன், ஆம்புலன்சில் அவனை நாசரேத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நானும் ஏறப்போகிறேன், கையைப் பிடித்து இழுத்தது கோமதிநாயகம் மாமா, அம்மாவின் தம்பி, அப்பா போனபிறகு எங்கள் வீட்டுக்கு எல்லாம் அவர்தான், திருநெல்வேலியில் இருந்து கார் எடுத்து வந்திருந்தார், அங்க வேண்டாம் பிள்ள, போனா ஊருக்கே தெரிஞ்சிரும் என்றார், எனக்கு அன்று தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, காரில் ஏற்றினார்கள், ஏறினேன், விழித்துப் பார்த்தால் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, என் பழைய அறை, என் பழைய கட்டில், எதிர்வீட்டு ஆச்சியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், மெட்ராஸ்ல வேலை பாத்தால்லா, தண்ணி ஒத்துக்கிடல, அதான் வந்துட்டா. அவ்வளவுதான். ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் பல்லாவரம் போயிற்று, ரசம் போயிற்று, மாலை போயிற்று, ஒரு மனுஷன் போனான். அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய இடம் வந்தால் அம்மா அந்த இது என்பாள், அந்த இதுக்கு அப்புறம் நீ மெலிஞ்சிட்ட என்பாள். லேப்டாப் எங்கே என்று கேட்டேன் ஒருநாள், எம் பய காலேஜ் சேந்திருக்கான்லா, அவனுக்குக் குடுத்தேன், உள்ள பழைய குப்பையா கிடந்தது, எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுத்தான் குடுத்தேன் என்றார் மாமா, உதவி செய்த முகத்தோடு, அந்தக் குப்பையில்தான் நான் கட்டிய படகோட்டி இருந்தான், ரெக்ஸன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் திட்டச் சேமித்துவைத்த கதை அத்தனையும் இருந்தது.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆனேன், என் சம்பளத்தில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன், அலைக்காவல் மூன்றாம் பாகம் வந்தது, வந்த அன்றே வாங்கினேன், பழைய சேமிப்பை ஏற்றி, நாம் ஆடிவைத்த கதையையே தொடர்கிற வசதியைக் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டான், சேமிப்பு வைத்திருந்தவனுக்கும் இல்லை, என்னைப்போல இழந்தவளுக்கும் இல்லை, எல்லோருக்கும் ஒரே கதை, தலைவி இளவரசனைக் கட்டினாள், அதுதான் அதிகாரபூர்வம், சரி, தொலையட்டும், படகோட்டி வேறெங்காவது உயிரோடு இருப்பான் என்று ஆடிக்கொண்டே போகிறேன், அரண்மனையில் புதிதாகச் சேர்ந்த மாலுமிப் பெண் ஒருத்தி கேட்கிறாள், உங்களோடு ஒரு படகோட்டி வந்தானாமே என்று, அரண்மனைக் காரியக்காரன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், படகோட்டியா, அப்படி யாரும் எங்களோடு வரவில்லை. யார் எழுதினார்களோ அந்த வசனத்தை, அவர்கள் வீட்டுக் காப்பி ஆறிப்போகட்டும். செத்துப்போனான் என்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், அழுதிருப்பேன், அழுது முடித்திருப்பேன், வரவே இல்லை என்றால் எங்கே போய் அழுவது.

குழு இரண்டாகப் பிளந்தது, கம்பெனி கட்சி, சேவ் கட்சி, கம்பெனி எழுதியதுதான் கதை, மற்றதெல்லாம் நம் கற்பனை என்றது ஒன்று, ஆடினவள் ஆடினதுதான் கதை என்றது மற்றது, அதற்குத் தலைவி நான், எங்கள் குழுவில் எந்தச் சண்டை முற்றினாலும் தை மாசத்தில் பட்டிமன்றம் வைத்துத் தீர்ப்பது வழக்கம், எல்லோரும் போனில் சேர்ந்துகொள்வோம், உமாபதி அண்ணன் நடுவர், நிஜமாகவே சால்வை போட்டுக்கொண்டு பேசுவார், யாரும் பார்க்க முடியாது என்றாலும் போட்டுக்கொள்வார், இந்த வருஷத் தலைப்பு, தலைவியின் துணை யார், கம்பெனி சொன்னவரா, நாம் தேர்ந்தவரா. எதிரணியில் கரூர்ப் பையன் வேந்தன், காலேஜில் படிக்கிறவன், வாய் கத்தி, ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு என்று முடிவாகிறது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், தென்காசியில் இருந்து, சிவசைலம் என்று பெயர், கூட்டுறவு வங்கியில் வேலை, நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிரும், அது முடிஞ்சு ஆறு மணிக்கு மேல வாங்க என்று மாமா சொல்லியிருக்கிறார், அதற்குள் பட்டிமன்றம் முடிந்துவிடும், முகம் கழுவிப் புடவை மாற்ற நேரம் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நான் கண்ண மூடிட்டா ஒனக்கு ஆருட்டி இருக்கா என்று அம்மா கேட்டாள், கட்டிக்கிடுதேம்மா, ஆனா அவிய கிட்டச் சொல்லிட்டுக் கட்டிவை, எனக்கு ஒரு புருஷன் இருந்தான், செத்துப்போனான்னு சொல்லு, அது போதும் என்றேன், சொன்னா எவன் வருவான் என்றார் மாமா, சொல்லாம வாறவன் எனக்கு எதுக்கு என்றேன், வாயப் பாரு என்றாள் அம்மா, அவ்வளவில் பேச்சு நின்றுவிட்டது, முதல் கல்யாணம் என்றுதான் தென்காசிக்குச் சொல்லப்பட்டது.

மூணு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்கிறேன், போன் கையில், வேந்தன் முதலில் பேசுகிறான், நன்றாகத்தான் பேசுகிறான் படுபாவி, நடுவர் அவர்களே, இரண்டாம் பாகத்தை லட்சம் பேர் ஆடினார்கள், லட்சம் பேருக்கும் லட்சம் கதை என்றால் மூன்றாம் பாகத்தை எப்படி எழுதுவது, ஏதாவது ஒன்று நடந்ததாக வைத்துத்தானே ஆக வேண்டும், வசதிக்காகத்தானே, அக்கா எதற்கு இதைச் சொந்த விஷயம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களிடம் படகோட்டியைக் கட்டிய சேமிப்பாவது இருக்கிறதா, காட்டச் சொல்லுங்கள் என்கிறான், சபாஷ் சரியான போட்டி என்கிறார் உமாபதி அண்ணன், எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது, நான் தொடங்குகிறேன், சேமிப்பு இல்லை, அழிச்சுட்டாங்க, அழிச்சா நடக்கலைன்னு ஆயிருமா என்று கேட்கிறேன், கேட்டு முடித்ததும் போனில் சத்தமே இல்லை, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, நெட் போயிற்று என்று நினைக்கிறேன், கேக்குதா, கேக்குதா அண்ணே என்று கத்துகிறேன், பதில் இல்லை, இன்னும் சத்தமாகக் கத்துகிறேன்.

நெட் போகவில்லை. தென்காசிக்காரர்கள் வந்துவிட்டார்கள், ராகுகாலத்துக்கு அப்புறம் எதற்கு, ராகுகாலத்துக்கு முன்னாலேயே நல்ல நேரத்தில் வந்து பார்த்துவிடுவோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம், வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள், மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, மங்களகரமாக நாதஸ்வரம் போடலாம் என்று டி.வி.க்குக் கீழே நீளமாகக் கிடக்கிற ஸ்பீக்கரை முடுக்கியிருக்கிறார், தினமும் காலையில் அம்மாவுக்குச் சாமிப்பாட்டுப் போடுவது என் போனில் இருந்துதான், அந்த ஸ்பீக்கர் கண் விழித்ததும் என் போனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டது, என் காதில் கேட்க வேண்டியதெல்லாம் ஹாலில் கேட்கிறது, எனக்குத் தெரியாது, நான் என் அறைக்குள் ஊருக்கே கேட்கிறாற்போலக் கத்திக்கொண்டிருக்கிறேன், வசதிக்காகவா, உங்க வசதிக்காக ஒருத்தன் இல்லாம போகணுமா, மழையில நின்னான், கைய நீட்டிக்கிட்டு நின்னான், நான் பிடிச்சேன், அவன்கூட இருந்தேன், சோறு வடிச்சேன், காய்ச்சல்ல நெத்திக்குத் துணி போட்டேன், அது நடந்தது, கம்பெனி இல்லங்கட்டும், மாமா இல்லங்கட்டும், நடந்தது நடந்ததுதான், ரெக்ஸன் என் புருஷன், அவனை வரலன்னு சொல்ல நீங்க ஆரு. சொன்ன பிறகுதான் காதில் விழுகிறது எனக்கே, ஹாலன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தன்பாட்டுக்கு நிஜத்தைச் சொல்லிவிட்டது, கதவுக்கு வெளியே, எங்கள் ஹாலில் இருந்து, கரூர் வேந்தனின் குரல் கணீரென்று கேட்கிறது, அக்கா, ரெக்ஸன் யாரு, அப்படி ஒரு ஆளே கதைல கிடையாதே.

கதவைத் திறக்கிறேன். நைட்டிமேல் துண்டு, கையில் போன், ஹாலில் பட்டுப்புடவையில் ஓர் அம்மா, கேசரித் தட்டோடு வெள்ளைச் சட்டையில் ஒருவர், அவர்தான் சிவசைலம், சுவரோடு சுவராக என் அம்மா, வெளுத்துப்போய் நிற்கிறாள், மாமா மட்டும் சிரிக்கிறார், ஐயோ அந்தச் சிரிப்பு, பயப்படாதிய, இது ஏதோ கம்ப்யூட்டர் கேம், பிள்ளையளோட சேந்து விளையாட்டு, ரெக்ஸன்ங்கறது அதுல வாற ஆளு, கல்யாணம்லாம் அதுல நடக்கது, என்ன பிள்ள, சொல்லேன், கேம்தானே என்கிறார். எவ்வளவு அழகாக வழி விட்டுக்கொடுக்கிறார், ஆமா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், பொய்கூட இல்லை முக்கால்வாசி, பட்டுப்புடவை அம்மா சிரிப்பார், இந்தக் காலத்துப் பிள்ளைய என்பார், கேசரி உள்ளே போகும், வைகாசியில் முகூர்த்தம் பார்ப்பார்கள், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள், அம்மா என்னைப் பார்க்கிறாள், சொல்லிரு, சொல்லிருட்டி என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாள், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுகிறது, கிரீஸ் வாடை அடிக்கிறது, பாவம்ளா, கை கடுத்துப் போயிருக்கும் என்கிறான், ஒரு தடவை அவனை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காரில் ஏறினவள் நான், இன்னொரு தடவை ஏற மாட்டேன்.

இல்ல, கேம்ல வாறவன் பேரு ஹாலன் என்றேன், ரெக்ஸன் என் புருஷன், நாசரேத்து, ஏ.சி. மெக்கானிக், பதிவு பண்ணிக் கட்டிக்கிட்டோம், பல்லாவரத்துல குடியிருந்தோம், காய்ச்சல்ல செத்துப்போனான், ஒங்ககிட்ட முதல் கல்யாணம்னு சொல்லியிருக்காவ, அது பொய் என்றேன், சொல்லியாயிற்று. ஸ்பீக்கரில் ஓர் இருமல், உமாபதி அண்ணன், அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், தம்பி வேந்தா, அப்படி ஒரு ஆள் உண்டுப்பா, சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான், ஆகவே இந்த மன்றத்தின் தீர்ப்பு என்னன்னா என்று தொண்டையைச் செருமினார், மாமா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார், தீர்ப்பு என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, எனக்குத் தேவைப்படவில்லை. பட்டுப்புடவை அம்மா எழுந்தார், முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வந்தே இருக்க மாட்டோம்லா என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார், அதத்தான் நானும் சொன்னேன் என்றேன், என்னைப் பார்க்காமலே படியிறங்கினார், சிவசைலம் கேசரித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஸ்பீக்கர்மேல் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார், எந்த வருஷம் தவறினாரு என்று கேட்டார், சொன்னேன், சின்ன வயசுதானே இருக்கும் அவருக்கு என்றார், ஆமாங்க என்றேன், தலையை ஆட்டிவிட்டுப் போனார், இந்த வீட்டில் அவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள், ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுப் போனவர்.

பிறகு மாமா கத்தியதெல்லாம் என் காதில் ஏறவில்லை, புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன், ராகுகாலத்துல எங்கட்டி போற என்று அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள், ஆத்துக்கு என்றேன், ஆத்துல விழுந்து என் தலையில மண்ணப் போட்டுராதட்டி என்று தெருவென்றும் பார்க்காமல் அழுதாள், சாகப் போகலம்மா, கால நனைக்கப் போறேன், நான் எதுக்குச் சாகணும் என்றேன், நடந்தேன், அவளும் மூச்சிரைக்க நடந்தாள், தாமிரபரணி தை மாசத்துத் தெளிவோடு கிடந்தது, படித்துறையில் இரண்டு பேர் துணி அலசிக்கொண்டிருந்தார்கள், இறங்கினேன், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தண்ணீர் ஜில்லென்று பிடித்துக்கொண்டது, திரும்பினேன். அம்மா கடைசிப் படியில் நிற்கிறாள். வீட்டுக்கு வா என்கிறாள், நீ எறங்கி வா என்கிறேன், பாசி வழுக்கும்ட்டி என்கிறாள், நான் பிடிச்சுக்கிடுதேன் என்று கையை நீட்டுகிறேன், அவள் தன் கையை நீட்டப் போகும்போது சொல்கிறேன், ஒரே ஒரு தடவ அவன் பேரச் சொல்லும்மா, சொல்லிட்டு என் கையப் பிடி. கோட்டிக்காரி மாதிரி பேசாதட்டி என்கிறாள், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள், ஆனால் போகவில்லை, திரும்பிப் படியேறிப் போயிருக்கலாம், போகவில்லை, துணி அலசியவர்கள் பிழிந்துகொண்டு கிளம்பிப் போனார்கள், அக்கரைக் கோயிலில் மணி அடித்து ஓய்ந்தது, அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறாள், ஒரு காலைப் படி விளிம்புக்கு நகர்த்துகிறாள், வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், பரவாயில்லை, எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை, இந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் நின்று காட்டியிருக்கிறான், கை கடுக்கத் தொடங்குகிறது, இறக்கவில்லை.